முன் ஹோலில் விழுந்தெழும்பிய காலம்

கிளினிக்கில் இருந்த இளம் டொக்டர் என்னுடைய இரத்தப் பரிசோதனைத் தாளைப் பார்த்துவிட்டு, "சீனி ஏறத் துவங்கியிருக்கு அம்மா. உடம்பை அசைக்க வேணும்" என்றார். எங்கள் தீவில் உள்ள ஒரு சிறிய தபாற்கந்தோரில் நான் தபாலதிபர். காலையில் கதிரையில் இருந்தால் பின்னேரம்தான் எழும்புவேன். முத்திரை குத்துகிற வலக்கை மட்டும் நல்ல ஆரோக்கியத்தோடு இருந்தது. அதையும் டொக்டரிடம் சொல்லிப் பார்த்தேன். அது மட்டும் காணாது என்றார்.

கனடாவில் இருக்கும் தம்பிக்குப் போனில் இதைச் சொன்னேன். அவன் உடனே உற்சாகமாகிவிட்டான்.

"ரோட்டால நடந்து என்ன வரப்போகுது அக்கா? என்னட்ட ஒரு வீடியோப் புரோகிராம் இருக்கு. வீட்டுக்குள்ளயே நிண்டு செய்யலாம். அதில மூண்டு வகுப்பு. முதல் வகுப்பை நான் செய்துகொண்டிருக்கிறன். ரெண்டாவதை மனிசி செய்யிறா. மேல் வகுப்பு சும்மாதான் கிடக்கு. அதை உங்களுக்கு அனுப்பிவிடுறன்."

சும்மா கிடப்பதை ஊருக்கு அனுப்பிவிடுவது வெளிநாட்டில் இருக்கும் எங்கள் உறவினர்களின் வழக்கம். பனிக்குப் போடும் சப்பாத்து ஒரு சோடி எங்கள் அலுமாரிக்குள் இன்னமும் இருக்கிறது. ஆகவே நான் ஒன்றும் யோசிக்கவில்லை. முதல் வகுப்பும் இரண்டாம் வகுப்பும் படிக்காமல் நேரே மேல் வகுப்பில் சேர்ந்தேன்.

என் கணவர் ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியர். ஊரில் எல்லோருக்கும் மாஸ்ரர். குரல் உயர்த்தத் தெரியாத மனிதர். வகுப்பில் கடைசி வரிசை வாங்கிலில் இருந்த பிள்ளைகளுக்கு அவர் படிப்பித்தது கடைசிவரை கேட்கவில்லை என்று ஒரு கதை உண்டு. அவர்தான் போனை ரீவியோடு பொருத்தித் தந்தார். முன் ஹோலில் இருந்த மேசையையும் கதிரைகளையும் சுவரோரம் தள்ளிவிட்டு, தனக்கென்று ஒரு கதிரையை மட்டும் நடுவில் விட்டார்.

"நீங்கள் என்னத்துக்கு இருக்கிறியள்?" என்று கேட்டேன்.

"ஆராவது பாக்க வேணுமே. நீர் விழுந்தால்?"

வீடியோவில் வந்த பயிற்சியாளர் சட்டை போடாத ஒரு வெள்ளைக்காரர். வயிறு என்று சொல்ல அவரிடம் எதுவும் இருக்கவில்லை. அந்த இடத்தில் ஓடு அடுக்கியதுபோல எதுவோ இருந்தது. அவர் கதைக்கவில்லை, கத்தினார். மேலே ஃபான் சுற்றுகிற சத்தத்தில் அவர் சொல்வது விளங்காது என்று கணவர் ரீவியின் சத்தத்தை இன்னும் கூட்டிவிட்டார்.

முதல் பயிற்சி இப்படி: நின்ற நிலையில் இருந்து குந்தி, கைகளை நிலத்தில் ஊன்றி, கால்களைப் பின்னுக்கு எறிந்து, நெஞ்சு நிலத்தில் படக் கிடந்து, மறுபடி எழும்பி, மேலே துள்ள வேண்டும். துள்ளும்போது இரண்டு கைகளையும் தலைக்கு மேலே தட்ட வேண்டும். ஏன் தட்ட வேண்டும் என்று எனக்கு விளங்கவில்லை. விழுந்து எழும்பினதே பெரிய விஷயம் என்று தன்னைத் தானே பாராட்டுவதாக இருக்கலாம் என்றார் கணவர்.

பாய் விரித்துப் பார்த்தேன். வழுக்கியது. எனவே வெறும் சீமெந்து நிலத்திலேயே விழுந்தேன். நான் சிறிய உடம்புக்காரி அல்ல. விழும்போது அலுமாரிக்குள் இருந்த கோப்பைகள் ஒருமுறை கதைத்துக்கொண்டன. எழும்பும்போது என்னுடைய வாயில் இருந்து, நான் கேட்டே இராத ஒரு சத்தம் வந்தது. பயிற்சியாளர் என்னைப் பார்த்து, "வன் மோர்!" என்று கத்தினார். இன்னுமொருக்கால் விழுந்தேன். "வன் மோர்!" என்றார்.

"ஒண்டு எண்டு சொல்லிப்போட்டுப் பிறகும் பிறகும் கேக்கிறார்" என்றார் கணவர். "சொல் சுத்தம் இல்லாத மனிசன்."

அடுத்தது பலகை. முழங்கைகளையும் கால்விரல்களையும் மட்டும் நிலத்தில் ஊன்றி, உடம்பைப் பலகை மாதிரி நேராக வைத்துக்கொண்டு நிற்க வேண்டும். அதற்குப் பிறகு மலை ஏறுதல். எங்கள் தீவில் மலை இல்லை. அதிக உயரமான பொருள் பனைமரம்தான். இருந்தாலும் ஏறினேன்.

முதல் கிழமை முடிய என்னுடைய இரண்டு முழங்கைகளும் நீலம் பாரித்துப் போயின. முழங்காலில் கண்டிப்போன அடையாளம். வாய்க்குக் கீழே நாடியிலும் ஒரு கீறல் இருந்தது. பலகையில் நின்றபோது கை வழுக்கி முகம் நிலத்தில் முட்டியதால் வந்தது அது. கந்தோரில் முத்திரை குத்துகிற கையைத் தூக்க முடியவில்லை. உடம்பில் கடைசியாக மிஞ்சியிருந்த ஆரோக்கியமும் அப்படிப் போயிற்று.

அந்த நாட்களில்தான் சனம் என்னோடு நல்லமாதிரி நடக்கத் தொடங்கியது. ஓய்வூதியம் எடுக்க வருகிற ஒரு ஐயா, வழக்கமாகக் கவுண்டருக்கு முன்னால் நின்று அரசாங்கத்தை ஏசுகிறவர், அன்றைக்கு ஒன்றும் பேசாமல் ஒரு பை நிறைய ஒடியல், காயவைத்த பனங்கிழங்கு, கொண்டுவந்து வைத்தார். "சாப்பிடு மோனை" என்றார். பதிவுத் தபால் அனுப்ப வந்த ஒரு ஆசிரியை, பற்றுச்சீட்டை வாங்கிக்கொண்டு என் கையைப் பிடித்து, "கடவுள் இருக்கிறார் மிஸ்" என்றார். கடவுள் இருப்பதில் எனக்கும் மறுப்பில்லை. உடற்பயிற்சியால் முகத்தில் ஒரு களை வந்து, அதைப் பார்த்துத்தான் எல்லோரும் அன்பு காட்டுகிறார்கள் என்று நினைத்தேன். தம்பிக்கும் அப்படித்தான் சொன்னேன்.

கணவருக்கு இதற்கு நேரெதிர். சலூனில் தலைமயிர் வெட்டுகிறவர், வாய் ஓயாமல் கதைக்கிறவர், அவரை இருத்தி ஒரு சொல்லும் சொல்லாமல் வெட்டி அனுப்பினார். கடையில் வணக்கம் சொன்னால் பதில் இல்லை. வீட்டுக்கு வந்து, "கோயில் கூட்டத்தில நான் கணக்கைப் பற்றி ஒண்டு கேட்டனான். அதுதான் போல" என்று சொல்லிவிட்டுப் பேப்பரை எடுத்துக்கொண்டு இருந்துவிட்டார். நானும் அதை நம்பினேன்.

ஒரு சனிக்கிழமை பின்னேரம் பயிற்சிக்குத் தடி ஒன்று வேண்டியிருந்தது. இரண்டு கைகளாலும் பிடித்துத் தலைக்கு மேலே தூக்கிக்கொண்டு குந்துவதற்கு. விளக்குமாற்றின் தடியைக் கழற்றிப் பாவித்தோம். நான் குந்தி முடித்துத் தடியைக் கணவரிடம் கொடுத்துவிட்டு நிலத்தில் விழுகிற நேரம் படலையில் சத்தம் கேட்டது. கணவர் தடியும் கையுமாகப் போய்க் கதவைத் திறந்தார்.

வாசலில் இரண்டு பேர் நின்றார்கள். ஒருவர் பக்கத்து வீட்டு அக்கா. மதிலுக்கு அந்தப் பக்கம் தனியாக இருப்பவர். அவருடைய கணவர் செத்துச் சில வருடங்கள். பிள்ளைகள் லண்டனில். மற்றவர் பிரதேச செயலகத்தில் பெண்கள் விவகாரங்களைப் பார்க்கும் உத்தியோகத்தர். இளம் பெண். கையில் ஸ்கூட்டரின் தலைக்கவசம். அவருடைய கண் முதலில் கணவரின் கையில் இருந்த தடிக்குப் போனது. பிறகு நிலத்தில் குப்புறக் கிடந்த என்னிடம் வந்தது.

நான் எழும்பினேன். மயிர் குலைந்து, சட்டை நனைந்து, மூச்சு வாங்கிக்கொண்டு நின்றேன். ரீவியைக் கணவர் நிறுத்திவிட்டார்.

"அக்கா, உங்களோட கொஞ்சம் தனியக் கதைக்கலாமோ?" என்றார் உத்தியோகத்தர்.

குசினிக்குள் கூட்டிக்கொண்டு போனேன். அவர் கதவைச் சாத்தினார். பிறகு மெல்லிய குரலில், "வீட்டில ஏதும் பிரச்சினை இருக்கோ அக்கா? பயப்பிடாமச் சொல்லுங்கோ" என்றார்.

"பிரச்சினை எண்டால், தண்ணிதான். கிணறு உப்பு. தண்ணி கொண்டுவாற பவுசர் சொன்ன நாளுக்கு வாறதில்லை."

"அதில்லை அக்கா." அவர் என் முழங்கையைத் தொட்டார். "இது எப்பிடி வந்தது?"

"அது பலகையால வந்தது."

அவர் கண்ணை ஒருமுறை மூடித் திறந்தார். "பலகையால. அடிக்கடி நடக்கிறதோ?"

"கிழமைக்கு ஆறு நாள். ஞாயிறு ஓய்வு."

"நாடியில?"

"அதுவும் பலகைதான். என்ர பிழை. ஒழுங்கா நிண்டிருந்தால் வந்திராது."

"அப்பிடிச் சொல்லாதேங்கோ அக்கா. உங்கட பிழை இல்லை. ஒருநாளும் உங்கட பிழை இல்லை." அவர் கதவுப் பக்கம் ஒருமுறை பார்த்துக்கொண்டார். "மாஸ்ரர் ஏன் இப்பிடிச் செய்யிறார்?"

"அவர் எங்க செய்யிறார்? அவர் கதிரையில இருந்து பாப்பார். நான்தான் செய்யிறன். தம்பி கனடாவில இருந்து அனுப்பினவன்."

உத்தியோகத்தர், தான் படித்த படிப்பில் இப்படி ஒரு குடும்பத்துக்கு இடம் இருக்கிறதா என்று யோசித்தார் போல. அப்போதுதான் எனக்கும் மெல்ல மெல்ல விளங்கத் தொடங்கியது. ஒடியல், ஆசிரியை, சலூன்காரர் எல்லாம் வரிசையாக நினைவுக்கு வந்தன. எனக்குச் சிரிப்பு வரவில்லை.

"வாங்கோ, காட்டுறன்" என்றேன்.

முன் ஹோலில் பக்கத்து வீட்டு அக்கா சுவரோரம் ஒரு கதிரை நுனியில் இருந்தார். கணவர் அவருக்கு எதிரே, தடியை எங்கே வைப்பது என்று தெரியாமல் மடியில் வைத்துக்கொண்டு இருந்தார். நான் ரீவியைப் போட்டேன். மூன்று பேருக்கும் முன்னால் நின்று, குந்தி, விழுந்து, எழும்பி, துள்ளி, கை தட்டினேன். கோப்பைகள் கதைத்தன. என்னுடைய சத்தமும் வந்தது. வெள்ளைக்காரர் "வன் மோர்!" என்று கத்தினார்.

"இந்தக் குரல்தான்" என்றார் அக்கா. "இவன்தான்."

உத்தியோகத்தர் ரீவியைப் பார்த்தார். பிறகு கணவரைப் பார்த்தார். பிறகு மறுபடி ரீவியைப் பார்த்தார்.

"மாஸ்ரர் இங்கிலீசில ஏசி ஏசி அடிக்கிறார் எண்டுதான் நினைச்சனான்" என்றார் அக்கா. "'வன் மோர், வன் மோர்' எண்டு கத்திற சத்தம். அதோட இந்தப் பிள்ளை தொம்மெண்டு விழுற சத்தம். பிறகு அனுங்கிற சத்தம். ஒவ்வொரு நாளும்."

கணவர் தடியை நிலத்தில் வைத்தார். "நான் பள்ளிக்கூடத்திலயே பிரம்பு எடுக்காத ஆள்" என்றார். எப்போதும்போல மெல்லத்தான் சொன்னார். பிறகு எழும்பி, "தேத்தண்ணி போடுறன்" என்று குசினிக்குப் போனார். முப்பது வருடப் பழக்கத்தில் அவருடைய முதுகைப் பார்த்தே எனக்குத் தெரியும். மனிதர் நன்றாக நொந்துபோயிருந்தார்.

உத்தியோகத்தர் தேநீருக்கு நிற்கவில்லை. மன்னிப்புக் கேட்டார். வாசலில் நின்று, "முழங்காலுக்குக் கீழ ஏதாவது மெத்தையா விரியுங்கோ அக்கா" என்று சொல்லிவிட்டு ஸ்கூட்டரில் ஏறினார்.

பக்கத்து வீட்டு அக்கா போகவில்லை. கதிரை நுனியிலேயே இருந்தார். எனக்குக் கோபம் அப்போதுதான் வந்து சேர்ந்தது.

"ஊரெல்லாம் கதைச்சிருக்கிறியள் அக்கா. என்னட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே? மதிலுக்கு அங்கால நிண்டு கூப்பிட்டால் நான் வரமாட்டனோ?"

"ஊரில நான் கதைக்கேல்லை. கோயிலடியில ஒருத்தியிட்ட என்ன செய்யிறது எண்டு கேட்டனான். அவள் கதைச்சிருப்பாள்." சேலைத் தலைப்பை இழுத்துச் சரிசெய்தார். "உம்மட்டக் கேட்டால் என்ன சொல்லியிருப்பீர்? 'ஒண்டுமில்லை அக்கா' எண்டு சொல்லியிருப்பீர்."

"ஒண்டும் இல்லைத்தானே!"

"ஓம். நானும் அப்பிடித்தான் சொல்லிக்கொண்டிருந்தனான்."

எனக்கு முதலில் விளங்கவில்லை.

"பதுளையில எங்களுக்குக் கடை இருந்தது தெரியுமெல்லே. கீழ கடை, மேல வீடு. மேல் நிலம் பலகை. நான் விழுந்தால் கீழ சாமான் வாங்க நிக்கிற ஆக்களுக்கெல்லாம் கேக்கும். கடையில நிண்ட பெடியன் ரேடியோவைக் கூட்டிவிடுவான். அடுத்த நாள் பக்கத்துக் கடைப் பொம்பிளை கேப்பா, என்ன தங்கச்சி, சத்தம் கேட்டது எண்டு. ஒண்டுமில்லை, அலுமாரியை இழுத்து வச்சனாங்கள் எண்டு சொல்லுவன். அவவும் சரி எண்டு போயிடுவா. எத்தினை வருசம் அலுமாரி இழுத்திருப்பன்."

அவருடைய கணவரை எங்கள் தீவில் தெரியாதவர்கள் இல்லை. தெற்கில் யாவாரம் செய்து நல்லாக வந்தவர். திருவிழாக்களில் தண்ணீர்ப் பந்தல் அவருடையது. கோயில் மணி அவர் வாங்கிக் கொடுத்தது. செத்தபோது ஊர் முழுக்கப் போனோம். நானும் போனேன். நல்ல மனிதர் என்று அக்காவின் கையைப் பிடித்துச் சொன்னேன். ஓம் என்றுதான் அவரும் சொன்னார்.

"விழுற சத்தம் எனக்குத் தெரியும் பிள்ளை" என்றார். "ஒரு சாமான் விழுற சத்தம் வேற. ஆள் விழுந்து, எழும்பி, திருப்பி விழுற சத்தம் வேற. உம்மட வீட்டில கேட்டது அதுதான். மதிலடிக்கு வந்து நிண்டு நிண்டு திரும்பிப் போனனான். வாய் வரேல்லை. கடைசியில இப்ப வந்திட்டுப் போன பிள்ளைக்குப் போன் எடுத்தனான்."

கணவர் தேநீர்த் தட்டோடு குசினி வாசலில் நின்றார். எவ்வளவு நேரம் நின்றார் என்று தெரியாது. வந்து முதல் கோப்பையை அக்காவிடம் கொடுத்தார். தன்னுடைய கதிரையில் இருந்தார்.

"நீங்கள் வந்தது சரி அக்கா" என்றார். "பிழையான வீடு. ஆனால் வந்தது சரி."

அக்கா தேநீரைக் குடித்தார். சீனி கூடிப்போச்சு என்றார். எங்கள் வீட்டில் சீனி போடுவதே இல்லை. கணவர் பதட்டத்தில் எதையோ போட்டிருக்கிறார்.

கதை பரவின வேகத்தில் திரும்பி வரவில்லை. மாஸ்ரர் அடிக்கவில்லை, தபாலதிபர் வீட்டுக்குள் தானாகத் துள்ளி விழுகிறார் என்பதைச் சனம் அவ்வளவு இலகுவில் நம்பத் தயாராக இல்லை. இதற்கு ஒரே வழி கதவைத் திறந்துவைத்துப் பயிற்சி செய்வதுதான் என்று கணவர் தீர்மானித்தார். திறந்துவைத்தோம். அதன் பலனாகச் சனம் பார்க்க வந்தது. படலைக்கு வெளியே சைக்கிளை நிறுத்திவிட்டு நின்று பார்த்தார்கள். பார்த்துவிட்டு, மாஸ்ரர் பாவம் என்று பேசிக்கொண்டு போனார்கள். சலூன்காரர் மறுபடி கதைக்கத் தொடங்கினார். அனுதாபம் என்னிடமிருந்து கணவருக்கு மாறிவிட்டது. எனக்கு ஒடியல் நின்றுபோயிற்று.

பக்கத்து வீட்டு அக்கா ஒவ்வொரு பின்னேரமும் வந்தார். முதலில் கதிரையில் இருந்து பார்த்தார். பிறகு இருந்தபடியே கைகளை மட்டும் தூக்கினார். ஒருநாள் எழும்பி நின்று, சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு, காலை முன்னுக்கும் பின்னுக்கும் வைத்தார். ஆனால் வெள்ளைக்காரர் கத்தும்போதெல்லாம் அவருடைய தோள் ஒருமுறை சுருங்கும். நான் கவனிக்கவில்லை. கணவர்தான் கவனித்தார். அன்றைக்கே ரீவியின் சத்தத்தை முழுக்கக் குறைத்துவிட்டு, படத்தைப் பார்த்துத் தானே சொல்லத் தொடங்கினார். "இப்ப வலக்கால். சரி. இன்னும் ஒண்டு. ஏலாட்டி விடுங்கோ, அவசரமில்லை." ஃபான் சத்தத்தில் பாதி எங்களுக்குக் கேட்காது. கேட்காத பாதியை நாங்கள் செய்வதில்லை. மேல் வகுப்பு அப்படித்தான் கீழே இறங்கி இறங்கி, கடைசியில் முதல் வகுப்புக்கும் கீழே போய் நின்றது. ஒழுங்கையில் இருந்து இன்னும் இரண்டு பெண்கள் வந்து சேர்ந்தார்கள். வெள்ளைக்காரர் சுவரோரம் தனியாகத் துள்ளிக்கொண்டிருந்தார்.

புரோகிராமை நான் முடிக்கவில்லை. முடித்தாயிற்றா என்று தம்பி கேட்டபோது, எங்கள் பக்கத்தில் அது வேறு மாதிரிப் போகிறது என்றேன். அவனும் முதல் வகுப்பை விட்டுவிட்டானாம். கிளினிக்கில் சீனி கொஞ்சம் இறங்கியிருக்கிறது என்றார்கள். முழங்காலைக் காட்டியபோது டொக்டர், இனிமேல் துள்ள வேண்டாம் என்றார். அதை எழுதித் தரும்படி கேட்கலாமா என்று யோசித்துவிட்டு விட்டேன்.

மாரி தொடங்கும் முன்னர் ஒரு பின்னேரம், நாங்கள் கையைத் தூக்கிக்கொண்டு நிற்கும்போது அந்த உத்தியோகத்தரின் ஸ்கூட்டர் படலையில் வந்து நின்றது. கணவர் உடனே கைகளை இரண்டு பக்கமும் விரித்துக் காட்டினார். தடி ஒன்றும் இல்லை. உத்தியோகத்தர் சிரிக்கவில்லை. அக்காவைத் தேடித்தான் வந்திருந்தார்; பதுளைக் கதையை அக்கா பிறகு அவரிடமும் சொல்லியிருந்தார். மண்கும்பான் பக்கம் ஒரு வீடு. இரண்டு தரம் போயிருக்கிறார். அந்தப் பெண் கதவைப் பாதி திறந்து, ஒண்டுமில்லை மிஸ் என்று சொல்லி அனுப்பிவிடுகிறாள்.

"என்னட்டச் சொல்லுறாள் இல்லை அம்மா" என்றார். "நீங்கள் ஒருக்கால் வாறியளோ?"

அக்கா கையைக் கீழே இறக்கினார். இடுப்பில் செருகியிருந்த சேலையை எடுத்து நேராக விட்டார். "நான் போய் என்ன சொல்லிறது?" என்று எங்களைப் பார்த்துக் கேட்டார். எங்களுக்குத் தெரியாது.

"சரி, போய்ப் பாப்பம்" என்றார்.

உத்தியோகத்தர் இரண்டாவது தலைக்கவசத்தை நீட்டினார். அக்காவின் கொண்டைக்கு அது இறங்கவில்லை. கொண்டையை அவிழ்த்து, கையால் ஒரு பின்னல் பின்னிவிட்டு, திரும்பப் போட்டுக்கொண்டார். நாடியின் கீழே வார் பூட்டத் தெரியவில்லை. நான் பூட்டிவிட்டேன். ஒருபக்கமாக ஏறி இருந்து, உத்தியோகத்தரின் தோளைப் பிடித்தார். ஸ்கூட்டர் ஒழுங்கையால் மெல்லப் போய், தார் ரோட்டில் ஏறி, மண்கும்பான் பக்கமாகத் திரும்பியது.

நாங்கள் உள்ளே வந்தோம். கணவர் படத்தை விட்ட இடத்தில் இருந்து தொடங்கினார்.